கிணற்றடி ஆங்கிலம்

ஜப்பான்காரர்கள் மலாக்காவுக்குள் வந்த வாரத்திலேயே அப்பா எங்கள் வீட்டிலிருந்த ஆங்கிலப் புத்தகங்களை அடுப்பில் வைத்தார். அவர் ஒரு மருந்துக் கடையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். எதையும் ஒழுங்காகச் செய்வார். அட்டைகளைத் தனியாகக் கிழித்து ஒதுக்கிவிட்டு, தாள்களைப் பிடி பிடியாக உள்ளே தள்ளினார். ஏழாம் வகுப்பு இலக்கணப் புத்தகம் எரிந்த தீயில் அன்றைய சோறு வெந்தது. அடுத்த தெருவில் ஒருவரை, வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வைத்திருந்தார் என்று இழுத்துப்போனதாகப் பேச்சு. உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை. பேச்சே போதுமானதாக இருந்தது.

எனக்கு அப்போது பதினேழு வயது. என் ஆங்கிலம் நடுத்தரம். படித்தால் புரியும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வேன், ஆனால் வாக்கியம் கொஞ்சம் நீண்டுவிட்டால் வினைச்சொல் எங்காவது இடறி விழும். அந்தக் கட்டத்தில் கைவிட்ட மொழி சீக்கிரமே கழன்று போய்விடும். நன்றாகக் கற்றவனுக்கு அது எலும்பில் தங்கும். ஒன்றும் கற்காதவனுக்கு இழப்பில்லை. நான் இரண்டுக்கும் நடுவில் இருந்தேன். சில மாதங்களுக்குள் முறத்துக்கும் அகப்பைக்கும் ஆங்கிலத்தில் என்ன என்று யோசித்தால் சொல் வரவில்லை.

பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்தபோது அங்கே நிப்போங்கோ என்ற ஜப்பானிய மொழிப் பாடம்தான் நடந்தது. அப்பா என்னை அனுப்பவில்லை. வயது வந்த பெண்களை யாரும் வெளியே அனுப்பாத காலம். அம்மா என் முடியைக் காது வரைக்கும் வெட்டிவிட்டாள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் பின்பக்கம் போய்விட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

பின்பக்கத்தில் கிணறு இருந்தது. மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் எங்கள் வாடகை வீட்டுக்கும் அதற்குப் பின்னாலிருந்த செட்டி வீட்டுக்கும் அது பொது. மலாக்கா செட்டிகள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். சாமியும் திருநீறும் நம்மைப் போலத்தான். வீட்டில் பேசுவது அவர்களுடைய ஒரு மாதிரியான மலாய். அந்த வீட்டு மருமகள் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். நான் படித்த அதே பெண்கள் பள்ளியில் எனக்கு முன்னால் படித்து, கல்யாணத்துக்காக நின்றவள். அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர்கள் வீட்டில் மிச்சமிருந்த சில தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. தங்கைக்கு மலாயில் சொல்வதுபோல அவள் என்னை அடிக் என்பாள். அவள் மலாயில் சொன்னவற்றையெல்லாம் இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குள் ஆங்கிலம் தற்செயலாக வந்தது. ஒரு நாள் காலை வாளிக் கயிறு அறுந்து கிணற்றுக்குள் போய்விட்டது. கயிறு அறுந்துவிட்டது என்று நான் பள்ளிக்கூட ஞாபகத்தில் ஆங்கிலத்தில் சொன்னேன். 'ஹாஸ் புரோக்கன்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஹாஸ் புரோக்' என்றேன். அக்கா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே, "புரோக்கன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "தெரியும். வாய் தவறிவிட்டது" என்றேன்.

"தெரிந்தால் தவறாது, அடிக்" என்றாள்.

மறுநாள் மரவள்ளிக் கிழங்கு துருவ உட்கார்ந்தபோது நானே ஆரம்பித்தேன். அரிசி அருமையாகிப்போன அந்த ஆண்டுகளில் எல்லா வீட்டுப் பெண்களும் காலைப் பொழுதை மரவள்ளியோடுதான் கழித்தார்கள். தோல் சீவி, துருவி, பிழிந்து, வெயிலில் பரப்ப வேண்டும். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருந்தது. நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவள் அதைச் செயப்பாட்டு வினைக்கு மாற்ற வேண்டும். பிறகு அவள் ஒருவர் பேசியதை அப்படியே சொல்வாள்; நான் அதை 'அவர் இப்படிச் சொன்னார்' என்று அயற்கூற்றாக மாற்றுவேன். காலம் மாறும், இடம் மாறும், 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகும். எரிந்துபோன இலக்கணப் புத்தகத்தின் பயிற்சிகளில் எனக்குப் பாதியும் அவளுக்கு மீதியும் ஞாபகம் இருந்தன. இருவருக்கும் ஞாபகமில்லாத விதிகளைச் சண்டை போட்டுத் தீர்மானித்தோம். தப்பாகத் தீர்மானித்தவையும் உண்டு என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

புதுச் சொற்களுக்குத்தான் வழியில்லை. வீட்டிலிருந்த அச்செழுத்தையெல்லாம் தேடினோம். பால் டின், தையல் இயந்திரத்தின் அடிப்பலகை, வலி எண்ணெய்ப் புட்டி, அப்பா கடையிலிருந்து கொண்டுவந்து கோழிக்கூண்டாக்கிய மரப்பெட்டி. அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் 'பெரிஷபிள்' என்று கறுப்பு மையில் அடித்திருந்தது. எங்கள் இருவருக்கும் பொருள் தெரியவில்லை. விலை உயர்ந்தது என்றேன் நான். உடையக்கூடியது என்றாள் அக்கா. அப்பாவிடம் கேட்டேன்.

"அந்தப் பாஷய இந்த வீட்டுல பேசாதன்னு சொல்லியிருக்கேன்ல?" என்றார் அப்பா. "எவனாவது காதுல விழுந்தா என்ன ஆவும்னு தெரியுமா ஒனக்கு?"

நான் திரும்பி வந்து துருவத் தொடங்கினேன். சாயங்காலம் கோழிகளுக்குத் தவிடு போட வந்தவர், எங்களைப் பார்க்காமலே, "கெட்டுப்போறது. மீனு, பழம் மாதிரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்காவின் கணவர் ஓர் அரிசிக் கிடங்கில் வேலை பார்த்தார். கலகலப்பான மனிதர். சோளத்தை வறுத்து இடித்த காப்பியோடு சமையலறைப் படியில் உட்கார்ந்து எங்கள் பயிற்சியைக் கேட்பார். அவருடைய ஆங்கிலம் எங்களுடையதைவிட வேகமானது, இலக்கணம் பற்றிய கவலை இல்லாதது. ஒரு நாள் நாங்கள் 'இஃப்' வைத்து நிபந்தனை வாக்கியங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, "நான் கவர்னராக இருந்தால் எனக்கு என்ன சமைப்பாய்?" என்று ஆங்கிலத்திலேயே மனைவியைக் கேட்டார்.

அவள் துருவியதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் கவர்னராக இருந்தால் என் சமையலறையில் சாப்பிட மாட்டீர்கள்" என்று ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள். அவர் காப்பி புரையேறும் வரை சிரித்தார். மாமியார் உள்ளேயிருந்து என்ன என்ன என்று மலாயில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஆண்டில் ஜப்பான்காரர்கள் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்கு ஆள் எடுத்தார்கள். முதலில் எஸ்டேட்டுகளில் எடுத்தார்கள். பிறகு டவுனிலும் தெருவுக்கு இத்தனை பேர் என்று கேட்டார்கள். அக்காவின் கணவர் பெயரும் வந்தது. மூன்று மாதம்தான், கூலியும் துணியும் கிடைக்கும் என்றார்கள். ஒரு காலையில் தகரக் குவளையும் இரண்டு சாரோங்கும் எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினார். நான் பின்பக்கத்திலிருந்தே லாரிச் சத்தத்தைக் கேட்டேன். பெண்கள் தெருவுக்குப் போகவில்லை.

அதன் பிறகு அக்கா மரவள்ளியைத் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துத் துருவினாள். நான் கிணற்றடியில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். தனியாளாக அது சரிப்படவில்லை, உளறுவதுபோல் இருந்தது. மூன்று மாதம் கடந்தும் கடிதமோ ஆளோ வரவில்லை. ஒரு நாள் அவளாகவே முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு கிழங்கைத் துருவி முடித்துவிட்டு ஆங்கிலத்தில், "மை ஹஸ்பண்ட் ஹாஸ் கான் டு சயாம்" என்றாள்.

பழைய பயிற்சி தொடங்கிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். "வென்ட்" என்று திருத்தினேன். "போய் மாதக்கணக்காகிவிட்டது. முடிந்த காரியம்."

"எப்போது போனார் என்று நான் சொல்லவில்லையே. காலம் சொன்னால்தான் வென்ட்."

"சொல்லாவிட்டாலும் அது எல்லாருக்கும் தெரியும்."

"ஹாஸ் கான் என்றால் இன்னும் அங்கே இருக்கிறார் என்று பொருள்" என்றாள். "வென்ட் என்றால் அதற்குப் பிறகு என்ன ஆனதென்று வாக்கியத்தில் இல்லை. நான் ஹாஸ் கான் என்றுதான் சொல்வேன்."

அவள் எழுந்து போகவில்லை. அடுத்த கிழங்கை எடுத்துத் தோல் சீவினாள். விதிப்படியும் அவள் சொன்னது சரிதான். அன்றிலிருந்து கணவரைப் பற்றிய பேச்சு எப்போது வந்தாலும் அதே வடிவத்தில்தான் சொன்னாள். நானும் திருத்தவில்லை.

ஜப்பானியச் சுகாதாரப் பிரிவு வந்தது அதற்குப் பிறகு. கொசுவுக்காக வீடு வீடாகச் சாக்கடையும் கிணறும் பார்த்தார்கள். இரண்டு சிப்பாய்கள், அவர்களுக்கு மேலே மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவன். அவர்கள் முன்வாசல் வழியாக வராமல் பக்கத்துச் சந்து வழியாக நேரே கிணற்றடிக்கு வந்துவிட்டதால் பூட்ஸ் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் அயற்கூற்றின் நடுவில் இருந்தோம். நிமிர்ந்தபோது எதிரே நின்றார்கள். எழுந்து இடுப்பு வரை குனிந்தோம்.

கண்ணாடிக்காரன் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எங்கள் வாயிலிருந்து வந்த மொழி அவன் காதில் விழுந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பிறகு கிணற்றைக் காட்டி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் பேசினான். "யெஸ்டர்டே ஐ ஹாவ் சீன் திஸ் வெல். வெரி டர்ட்டி."

"ஸா" என்றாள் அக்கா.

அவள் யோசித்துச் சொன்னதல்ல. இரண்டு ஆண்டு காலை நேரங்களில் நான் பிழைவிட்டபோதெல்லாம் எந்தக் குரலில் திருத்தினாளோ அதே குரல். சொன்ன பிறகுதான் அவள் முகம் வெளிறியது. என் கையில் துருவல் கட்டை இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"வாட்?" என்றான் அவன்.

அவள் தலை குனிந்தபடி ஆங்கிலத்திலேயே விளக்கினாள். நேற்று என்று சொல்லிவிட்டால் அது முடிந்த காலம், ஆகவே ஹாவ் சீன் வராது, ஸா. குரல் நடுங்கியது. வாக்கியம் சரியாகவே வந்தது.

அவன் அவள் கன்னத்தில் அறைந்தான். பின்னால் இரண்டு சிப்பாய்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அறையாமல் இருக்க அவனால் முடிந்திருக்காது என்று பிற்பாடு அப்பா சொன்னார். அப்பா அப்படித்தான் எதையும் விளக்கிக்கொள்வார். அக்கா சாயவில்லை. அவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னான்: "யெஸ்டர்டே ஐ ஸா திஸ் வெல். வெரி டர்ட்டி. டுடே ஆல்சோ டர்ட்டி." பிறகு சிப்பாய்களிடம் ஏதோ உத்தரவிட்டான். அவர்கள் கிணற்றில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார்கள். அந்தத் தண்ணீர் பல நாள் குடிக்க ஆகாமல் போயிற்று.

அன்று இரு வீட்டிலும் எங்கள் பயிற்சி தடைசெய்யப்பட்டது. அம்மா என்னை அடிக்கவில்லை. "ஒனக்கு வாயில பூட்டு போட்டாத்தான் சரிவரும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா இரண்டு இடங்களுக்கு மாப்பிள்ளை கேட்டு ஆள் விட்டார். ஒன்றும் அமையவில்லை.

சில நாள் கழித்துக் கண்ணாடிக்காரன் மறுபடியும் வந்தான். இந்த முறை சிப்பாய்கள் இல்லை, மலாய் பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளர் உடன் வந்தார். செட்டி வீட்டு வாசலில் நின்று, "அன்றைக்கு 'ஸா' என்று சொன்ன பெண் எங்கே?" என்று கேட்கச் சொன்னான். அக்கா அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். மாமியார்தான் போய்ப் பேசினார்.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன மருந்துகள் ஆஸ்பத்திரியில் ஓர் அறை நிறைய இருந்தன. எல்லாவற்றின் மேலும் ஆங்கிலம். படிக்கத் தெரிந்தவர்கள் பலர் ஓடிவிட்டார்கள், சிலர் தெரியாது என்று சாதித்தார்கள். அந்த எழுத்துகளைப் படித்து அவனுக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

மாமியார் கூந்தலை முடிந்துகொண்டே கேட்டுவிட்டு, "அரிசி கொடுப்பார்களா?" என்றார்.

கொடுப்பார்கள் என்று பதில் வந்தது. உப்பும் கொடுப்பார்கள்.

"அப்படியானால் போகட்டும். என் மகன் வரும்போது வீட்டில் உயிரோடு யாராவது இருக்க வேண்டுமல்லவா" என்றார் மாமியார். அக்காவை யாரும் கேட்கவில்லை. அவள் மறுநாள் காலை மாமியாரையே துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கொஞ்ச நாளில் தனியாகவே போய்வந்தாள்.

அவள் வேலைக்குப் போனதால் எங்கள் பயிற்சி மாலைக்கு மாறியது. தடை இருந்தது, ஆனால் அரிசி கொண்டுவருகிறவளை யார் தடுப்பது? கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே அன்று படித்த சொற்களைச் சொல்வாள். வீக்கம், சீழ், வெதுவெதுப்பான, வெளிப்பூச்சுக்கு மட்டும், குலுக்கி உபயோகிக்கவும், நீர்த்துப்போகச் செய். இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ன என்று நான் அவளிடமிருந்துதான் கற்றேன். அவள் சொல்லை மட்டும் கொண்டுவருவாள், நான் அதை வைத்து வாக்கியம் அமைக்க வேண்டும். எனக்குத் தெரியாத நோய்களைப் பற்றி நான் நீளமான, இலக்கணச் சுத்தமான வாக்கியங்களைச் சொன்னேன். அவளோ நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தவள். சில வாக்கியங்களுக்கு அவள் சரி என்றோ தப்பு என்றோ சொல்லாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள்.

கண்ணாடிக்காரனைப் பற்றிக் கேட்டேன். தன் ஊரில் பள்ளியில் ஆங்கிலம் படித்தவனாம். வெள்ளைக்கார டாக்டர் விட்டுப்போன ஒரு தடித்த புத்தகத்தை அவளை வைத்து வாசித்தான். ஒரு பக்கம் வாசிக்கப் பாதி நாள் ஆகும். அவளுக்குப் பொருள் தெரியாத சொல் அவனுக்குத் தெரியும், அவனுக்குப் பிடிபடாத வாக்கியத்தை அவள் பிரித்துச் சொல்வாள். அதற்குப் பிறகு அவன் அவளை அறையவில்லை. அறைந்ததற்கு வருத்தம் சொல்லவுமில்லை. ஒரு நாள் அவனை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். வேறொருவன் வந்தான். அவனுக்கு ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை. அக்காவைக் கட்டுப்போடும் வேலைக்கு அனுப்பினான்.

ஜப்பான்காரர்கள் தோற்றுச் சண்டை முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். ரயில் தம்பின் ஊர் வரைதான். அங்கிருந்து மலாக்காவுக்கு ரயில் இல்லை. அந்தத் தண்டவாளங்களையும் பிடுங்கி சயாமுக்கே கொண்டுபோயிருந்தார்கள். அக்காவின் கணவர் தம்பினிலிருந்து ஒரு லாரியின் பின்னால் படுத்து வந்தார். இறக்கி விட்டவர்கள் அவரைக் கிணற்றடியில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்து அம்மாவைக் கூப்பிடத் திரும்பினேன். "அடிக், என் வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று குரல் கேட்டது. குரலை வைத்துத்தான் தெரிந்தது.

அக்கா ஓடிவந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் உட்கார்ந்து, இடது காலில் சுற்றியிருந்த கந்தலை நீர் ஊற்றி ஊற்றி மெல்லப் பிரித்தாள். கணுக்காலுக்கு மேலே ஒரு கையளவுப் புண். மாமியார் படியில் நின்று மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். அக்கா என்னிடம் ஆங்கிலத்தில், சாதாரணக் குரலில் சொன்னாள்: "எலும்பு தெரிகிறது. இவர் அம்மாவிடம் சொல்லாதே. உப்புப் போட்டு வெந்நீர் கொண்டு வா. இவரை இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் கால் போய்விடும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டே, அதே மொழியில், "எனக்கும் ஆங்கிலம் தெரியும்" என்றார்.

அப்போதுதான் அவள் அழுதாள்.

கால் தப்பியது, வளைந்தேதான். அவர் பிறகு கிடங்கு வேலைக்குப் போகவில்லை. வீட்டு முன்னறையில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். சயாமைப் பற்றி எந்த மொழியிலும் அவர் பேசி நான் கேட்டதில்லை. உடன் போனவர்களின் வீட்டார் வந்து விசாரித்தால், "நான் வேறு முகாம்" என்பார்.

அக்கா நர்ஸ் வேலைக்கு மனுக் கொடுத்தாள். வெள்ளைக்கார மேட்ரன் அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டுத் திருப்திப்பட்டார். ஜப்பான்காரர்களிடம் வேலை செய்தவள் என்று தெரிந்ததும் பேச்சு குறைந்துபோயிற்று. எந்த அதிகாரியின் கீழ், என்ன வேலை, யார் சொல்லிப் போனாய் என்று கேட்டார். அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மேட்ரன் எழுதிக்கொண்டு, பிறகு சொல்லியனுப்புவதாகச் சொன்னார். சொல்லியனுப்பவில்லை. ஓராண்டு கழித்து அந்த மேட்ரன் போய் வேறொருவர் வந்தபோது மறுபடி மனுக் கொடுத்து, உதவி நர்ஸாகச் சேர்ந்தாள். நான் இன்னும் இரண்டு வகுப்பு படித்துவிட்டு ஒரு பெண்கள் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனேன். கிணற்றடியில் நாங்கள் தப்பாகத் தீர்மானித்த விதிகள் அங்கே போனபிறகுதான் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

ஆங்கிலம் மறுபடி எல்லா இடத்திலும் அனுமதிக்கப்பட்டதும் எங்கள் பயிற்சி நின்றுபோனது. அதற்கு நேரமுமில்லை, அவசியமுமில்லை. எனக்குக் கல்யாணமாகி புக்கிட் பாருவுக்குப் போன பிறகு பொங்கலுக்குப் பொங்கல் அக்காவைப் பார்க்க வருவேன். படியில் உட்கார்ந்து நாங்கள் மலாயில்தான் பேசினோம். மீன் விலை, அவளுடைய இரவு வேலை, என் மாமியார், அவள் கணவர் வாங்கிப் போட்ட வானொலிச் சாமான்கள் வீட்டில் அடைத்துக்கொண்டிருப்பது. முன்பு எங்கள் பயிற்சியைக் கேட்டதுபோலவே, நாங்கள் பேசுவது தனக்குக் கேட்கவேண்டும் என்று அவர் முன்னறையில் வானொலிப் பெட்டியின் ஒலியைக் குறைப்பார்.